ஜவ்வுக்குள் நடந்த பிள்ளை

குடல்காரத் தெருவில் ஜவ்வு முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை முளைத்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு வாடிப்புதூரே கறி தின்கிற நாள், ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டியிலிருந்து வாளி வாளியாக வந்து இறங்கும் குடலை அலசிச் சுரண்டிக் கட்டுப் போட்டுக் கொடுப்பதற்கே தெருப் பெண்களுக்கு இரண்டு கை போதாது. செவ்வாயென்றால் பாதி ஊர் கவிச்சி தொடாது. ஆகவே பெண்கள் சாவகாசமாகத் தலையை முடிந்துகொண்டு பின்கட்டுக்குப் போனார்கள், போன இடத்தில் அது ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் ஒட்டிக்கொண்டு, ஈரமாக, கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு, கொழுப்புக் கோடும் ரத்தக் கோடுமாகக் கிளை பிரிந்து, மடிப்பு மடிப்பாகத் தெருவின் கடைசிவரை தொங்கிக்கொண்டிருந்தது. என்ன இது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வேறு தெருவில் கேட்டிருப்பார்கள், இங்கே தவழுகிற பிள்ளைக்கும் ஜவ்வு தெரியும்.

ஆட்டின் வயிற்றுக்குள் குடல் தன் இஷ்டத்துக்கு உருளாமல் தாங்கிப் பிடித்திருப்பதும், அதற்கு ரத்தம் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஜவ்வுதான். குடலைக் கையில் வாங்கியதும் இந்தத் தெருக்காரிகள் செய்கிற முதல் வேலை அதை ஜவ்விலிருந்து உருவுவது. இடது கையில் ஜவ்வைக் கொத்தாகப் பிடித்து, வலது பெருவிரலைக் குடலின் ஓரத்தில் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. சுருண்டு சுருண்டு கிடந்த குடல் நீளமாக, நேராக, அனாதையாகக் கையோடு வந்துவிடும். தெருவும் அப்படித்தான், ஆற்றங்கரைக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே இடம் கிடைத்த பக்கமெல்லாம் வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து கிடந்தது.

"குடலுன்னு ஒண்ணு இருந்தா ஜவ்வுன்னு ஒண்ணு இருக்கத்தான செய்யும்? இத்தன நாளு இல்லாம இருந்துச்சே, அதுதான் அதிசயம்" என்றாள் காசியம்மா. தெருவில் எதற்கும் கடைசி வார்த்தை அவளுடையது என்பதால் பேச்சு அதோடு முடிந்தது.

கொஞ்ச நாளில் ஜவ்வு தெருவின் சொத்தாகிவிட்டது. காசியம்மா ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி, வெங்காயம் போட்டு வதக்கித் தின்று பார்த்து, உப்பு ஏறவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தீர்த்தம் முத்து முத்தாக உருண்டு ஓடிப்போனது. பள்ளிவாசல் ஹஜ்ரத்து பார்த்துவிட்டு, யாருக்கும் கெடுதல் பண்ணாததை ஏன் தொந்தரவு பண்ண வேண்டும் என்று டீ குடித்துவிட்டுப் போனார். கேபிள்காரர் அதில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தார், மறுநாள் ஓட்டை மூடிக்கொண்டு ஒயர் உள்ளே மாட்டிக்கொண்டது, அன்றிலிருந்து சாயங்காலமானால் அந்த இடத்தில் காதை வைத்தால் சீரியல் அழுகை லேசாகக் கேட்டது. ஞாயிறு மத்தியானம் தெரு முழுக்கத் தின்றுவிட்டுப் படுத்த பிறகு ஜவ்வில் வெள்ளை வெளேரென்று பால் கோடுகள் ஓடும். எந்த வீட்டுப் பக்கம் கோடு ஓடவில்லையோ அந்த வீட்டில் அன்றைக்குக் கறி வேகவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும், தெரிந்த பிறகு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. சிலர் இதை வெட்கமென்று நினைத்தார்கள், ஆனால் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பவில்லை.

ஜவ்வு ஒற்றைத் தோல் இல்லை. இரண்டு தோல், நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் தெருவில் செத்தவர்கள் நடந்தார்கள். இதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, செத்தவர்களும் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். மளிகைக்கடை ராயப்பன் முன்பைவிடப் பருத்துப்போய் ரத்தக் கோட்டின் ஓரமாக மடி நிறையத் தானியத்தோடு உட்கார்ந்திருந்தான். வெளியே இரண்டு வீட்டுக்காரர்கள் குரலை உயர்த்திவிட்டால் பயந்துபோய்த் தானியத்தை வாரி இறைப்பான், இறைத்த இடம் சிவந்து வீங்கி அரிப்பெடுக்கும், அரிப்புத் தாங்காமல் சண்டைக்காரர்களே சமாதானமாகிவிடுவார்கள். தெருக்கூட்டின வேலம்மா அங்கேயும் கூட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் துடைப்பம் இல்லை, கையை நீட்டி நீட்டி அழுக்கையெல்லாம் அணைத்து விழுங்கிக்கொண்டே மெதுவாக நகர்ந்தாள். மெலிந்தவர்கள், நோஞ்சான்கள், சின்ன வயதில் போனவர்கள் எல்லோரும் அங்கங்கே குனிந்து உட்கார்ந்து நூல் நூற்றார்கள். அந்த நூல்தான் இரண்டு தோலையும் விலகாமல் பிடித்திருந்தது.

அன்னபாக்கியத்தின் அடுக்களைச் சுவருக்குப் பின்னால் நூல் நூற்றது அவளுடைய சின்ன மகள் தெரசு.

அன்னபாக்கியத்தின் புருஷன் கேரளத்துக்கு ஆடு ஏற்றிக்கொண்டு போனவன் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், அந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். தெரசின் கதையைச் சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் ஒருநாள் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றது. சூட்டு வலி என்று நினைத்து அன்னபாக்கியம் விளக்கெண்ணெயைத் தொப்புளைச் சுற்றித் தடவித் தேய்த்தாள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை தேய்த்தாள், தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியபோது வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. குடல் தன் ஜவ்வையே சுற்றி முறுக்கிக்கொண்டது, ரத்தம் போகாமல் கறுத்துவிட்டது என்றார்கள். ஊரிலுள்ள ஆட்டுக் குடலையெல்லாம் முறுக்குப் பிரித்த கைக்குப் பெற்ற பிள்ளையின் குடல் முறுக்கியது தெரியவில்லையே என்று அவள் ஒருத்தரிடமும் சொல்லி அழவில்லை. அழுதால் ஆறுதல் சொல்ல வருவார்கள், ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

ஜவ்வு வந்த அன்றைக்கே தெரசும் வந்துவிட்டாள். அதே ரோஸ் கவுன், அதே உப்பின வயிறு. வாய் அசையும், சத்தம் வராது. அன்னபாக்கியம் ஓடிப்போய் விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தாள், உள்ளங்கையில் ஊற்றி, பிள்ளை வயிற்றுக்கு நேராக ஜவ்வின்மேல் வைத்து வட்டமாகத் தேய்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது. விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் தேய்ப்பாள், வேலை முடிந்து வந்து தேய்ப்பாள், அடுப்பில் உலை கொதிக்கும்போது எழுந்துபோய் இன்னொரு தரம் தேய்ப்பாள். பிள்ளையும் வயிற்றைக் கொண்டுவந்து கைக்கு நேராக வைத்துக்கொண்டு நிற்கும். கையை எடுத்ததும் தேய்ந்த இடத்தில் உட்கார்ந்து விரல் நுனியிலிருந்து நூல் இழுத்து இழுத்து அடைக்கும். பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்று அன்னபாக்கியம் நினைத்தாள். செத்துப்போன பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எந்தத் தாய்க்குத்தான் வேறு நினைப்பு வரும்?

மூத்தவள் சலேத்து, நர்ஸ் படிப்பு முடித்தவள். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அவளுக்குத்தான் தொல்லை வந்தது.

தெருவைத் தாண்டிப் போகிறவர்கள் முதுகில் ஜவ்வின் ஒரு மடிப்பு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு முந்தானை மாதிரி பழகிவிட்டது. பஸ்ஸின் பின்கதவைச் சாத்தாமல் விடுவது கண்டக்டர்களுக்கும் பழகிவிட்டது. காசியம்மா பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள், அவளுடைய மடிப்பு மலையுச்சிவரை நீண்டு, திரும்பி வரும்போது அவளோடு சுருங்கி வந்தது. துபாய்க்குப் போன பையனின் மடிப்பு கடலுக்கு மேலே போகிறது என்று அவன் அம்மா பெருமையடித்துக்கொண்டாள். சலேத்துக்கு மட்டும் நீளவில்லை. பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது மடிப்பு விறைத்துக்கொள்ளும், அவளுக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும், உதடு நீலமாகும், கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிடுவார். மறுபடி போனாள், மறுபடி கேட்டிலேயே இறக்கிவிட்டார்கள்.

"எல்லாத்துக்கும் நீளுது. எனக்கு மட்டும் ஏம்மா நீள மாட்டேங்குது?"

"போகப் போக நீளும்டீ."

"எப்ப நீளும்? மாசம் பொறந்தா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் நானும் உன்கூட உக்காந்து குடலுதான் கழுவணும்." சலேத்து முதுகைத் திருப்பிக் காட்டினாள். "உருவி விட்டுரும்மா. இந்தத் தெருவுலயே உன் கைதான் சுத்தம்னு எல்லாரும் சொல்றாங்கல்ல."

அன்னபாக்கியம் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். ஏற்கெனவே தெருவில் ஒருத்தன் உருவியிருந்தான். கறிக்கடைப் பிச்சையாவின் பின்சுவரில் அவனுடைய செத்துப்போன அண்ணன் வந்து நின்றுகொண்டு, பூர்வீக இடத்தைப் பாகம் பிரித்தபோது தம்பி செய்த காரியத்தை நினைத்தோ என்னவோ, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சையா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் பெருவிரலைச் சுவரோரத்தில் கொடுத்து, கடையில் உருவுகிற மாதிரியே, ஒரு பிசிறு இல்லாமல் வீட்டை உருவிவிட்டான். அவ்வளவு சுத்தமான உருவலை யாரும் பார்த்ததில்லை, வேடிக்கை பார்த்தவர்கள் மெச்சிக்கொள்ளக்கூடச் செய்தார்கள். வீட்டுச் சுவர் முதலில் வெளுத்தது, பிறகு நீலம் பாரித்தது, அப்புறம் கறுத்து வாடை அடித்தது. பிச்சையா சாகவில்லை. தின்றான், தின்றது உடம்பில் ஒட்டவில்லை. பெண்டாட்டி பெயர் மறந்தது, தன் பெயர் மறந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து வருகிற பஸ்ஸையெல்லாம் நீ யார் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம உருவுனதெல்லாம் செத்த ஆட்டுக் குடலு" என்றாள் காசியம்மா. "உசுரோட இருக்கறத உருவத் தெரிஞ்சவ நம்மள்ல யாருடீ?"

"நீ பண்ணலேன்னா நானே பண்ணிக்குவேன்" என்றாள் சலேத்து. அவள் சொன்னால் செய்கிற ஜாதி. பெருவிரல் நகத்தை வளர்க்க ஆரம்பித்திருந்தாள்.

அன்னபாக்கியத்துக்கு வேறு வழி தெரியாமல் வாசுகி டாக்டரின் ஞாபகம் வந்தது. டாக்டர் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடம்பை மைக்ராஸ்கோப்பில் காட்டிப் பாடம் சொல்கிறவர். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வந்ததும் குட்டியாட்டு ஜவ்வு வேண்டும் என்று அன்னபாக்கியத்திடம் ஆள் அனுப்புவார். அதை நகத்தளவு வெட்டி, சுருக்கமில்லாமல் கண்ணாடியில் விரித்து, சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளேயிருக்கிற நூலெல்லாம் தெரியுமாம். சலேத்தின் மடிப்பு அடுக்களைச் சுவரை விட்டுக் கிளம்புகிற இடத்தில் ஒரு துணுக்குக் கிள்ளி, உப்புத் தண்ணியில் போட்டு, சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டாள். காசியம்மா கேட்காமலே தன்னுடையதில் ஒன்று கிள்ளிக் கொடுத்தாள்.

"என்னோடதையும் காட்டு. பழனி வரைக்கும் போன ஜவ்வு, லேசுப்பட்டதில்ல."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. வாழ்நாளெல்லாம் ஜவ்வு பார்த்தவருக்கு ஒரு தெருவுக்கு ஜவ்வு இருப்பதில் என்ன ஆச்சரியம்? துணுக்குகளை விரித்து, நீலச் சாயம் போட்டு, முதலில் காசியம்மாவுடையதைக் காட்டினார்.

"மேல கீழ ரெண்டு தோல். மாடியில தட்டோடு பதிச்ச மாதிரி ஒரே வரிசை, அதுக்கு மேல கனமே கிடையாது. நடுவுல பாருங்கம்மா. தடிமனா இருக்கே, அந்த நூலெல்லாம் அலையலையா ஓடுது. மெல்லிசா கிளை விட்டுப் போறது ரப்பர் மாதிரி. இழுத்தா அலை நிமிர்ந்து நீளும், விட்டா ரப்பர் சுருக்கிக் கொண்டுவந்துரும். நடுவுல எவ்வளவு காலி இடம் பாத்தீங்களா? அந்தக் காலி இடத்துலதான் எல்லாம் நடமாடும்."

பிறகு சலேத்துடையதை வைத்தார். அன்னபாக்கியம் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். அலை இல்லை, காலி இடம் இல்லை, நூல்மேல் நூலாக, கயிறுமேல் கயிறாக இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றுக் கட்டுக்கு நடுவே, இரண்டு முனையும் கூர்ந்து, ஒல்லியாக ஒன்று தலை நிமிராமல் குனிந்து நூற்றுக்கொண்டிருந்தது. அதன் முதுகை அவளுக்கு எங்கேயும் அடையாளம் தெரியும்.

"இது தழும்பும்மா" என்றார் டாக்டர். "ஒரே இடத்த யாராச்சும் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்களா?"

அன்னபாக்கியம் வலது உள்ளங்கையை மூடிக்கொண்டாள். விளக்கெண்ணெய் வாசம் அறையில் இருந்தது, டாக்டர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"தேய்ச்சா புண்ணாகும். புண்ணானா அந்த நூல் நூக்கறது வந்து அடைக்கும். நல்லதுக்குத்தான் பண்ணுது, ஆனா எப்ப நிறுத்தறதுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க நிறுத்தினாத்தான் அது நிறுத்தும்."

"வெட்டி எடுத்துரலாமா டாக்டரம்மா?"

"வெட்டினா ரத்தம் போற வழியும் போயிரும். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்காரே பிச்சையா, அவர் கதிதான்."

அன்னபாக்கியம் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "நூத்துக்கிட்டு இருக்கறது... வேலை இல்லேன்னா எங்க போகும்?"

"அங்கயே இருக்கணும்னு கட்டாயமில்லம்மா" என்றார் டாக்டர், குரலைத் தணித்து. "சந்து பூராத் திறந்து கெடக்கு. நடந்து போயிரும்."

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டே போனாள். படித்தவளுக்கு என்ன தெரியும், பெற்றுப் பார்த்திருந்தால் தெரியும் என்றாள். தெருமுனைக்கு வந்ததும் திட்டுவதற்கு வார்த்தை இல்லாமல் போய், கல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிள்ளையை ஒரு தரம் தேய்த்துக் கொன்றேன், இப்போது மூத்தவளையும் அதே கையால் கொல்லப் பார்த்தேனே என்று தெருவுக்கே கேட்க அழுதாள். ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை, அவளை அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் தெரசு வயிற்றைக் கொண்டுவந்து ஜவ்வோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அன்னபாக்கியம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு இல்ல கண்ணு" என்றாள். பிள்ளையின் வாய் அசைந்தது. மறுபடி வயிற்றை ஒட்டியது. பார்த்துக்கொண்டிருந்த காசியம்மா போய்த் தன் குடல் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து அன்னபாக்கியத்தின் பின்கட்டில் போட்டாள், அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி போட்டாள், அப்படியே தெருப் பெண்களெல்லாம் அவரவர் குடலோடு அங்கே வந்து சேர்ந்தார்கள். அன்னபாக்கியத்தின் கை ஒழிகிற நேரமெல்லாம் ஒரு வாளி அவள் பக்கம் தள்ளப்பட்டது. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. "இத அலசு மதினி", "இதுல மயிரு இருக்கு பாரு", "இன்னும் நல்லா சுரண்டு" என்பது தவிர வேறு பேச்சு இல்லை.

பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. அது அடம்பிடித்திருந்தால் தேவலை. கை வரும் என்று நம்பிக்கொண்டு, ரோஸ் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக நின்றதுதான் அன்னபாக்கியத்தை அரித்தது. அடைப்பதற்குப் புதுக் காயம் இல்லாததால் நூல் நூற்பது நின்றது. சும்மா உட்கார்ந்தது. பிறகு எழுந்து ராயப்பன் பக்கம் போய்த் தானியம் வாங்கி விளையாடியது, வேலம்மா பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தது. அது போய்விட்டு வருகிற நேரம் நீளமாக நீளமாக, அன்னபாக்கியத்துக்கு ராயப்பன்மேல் பொல்லாத பொறாமை வந்தது. செத்தவன்மேல் போய் யாராவது பொறாமைப்படுவார்களா? அவள் பட்டாள். கயிறாக இறுகியிருந்த இடம் ஒவ்வொரு இழையாகத் தளர்ந்தது, தளர்ந்த இழை அலையாக வளைந்தது, வெயில் படும்போது அது ஆற்று மணல்போலத் தெரிந்தது.

சலேத்து நகத்தை வெட்டிக்கொண்டாள்.

கிளம்புகிற அன்றைக்கு அன்னபாக்கியம் பஸ் ஸ்டாண்டுவரை பையைச் சுமந்து வந்தாள். பிச்சையா பெஞ்சில் உட்கார்ந்து சலேத்தைப் பார்த்து நீ யார் என்று கேட்டான். "அன்னபாக்கியத்தோட மக, சித்தப்பா" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கை குளிர்ந்து சுருங்கிப்போயிருந்தது, வாளித் தண்ணியிலேயே கிடந்த கை.

"போயிட்டு போன் பண்றேம்மா."

"வேளைக்குச் சாப்புடு."

பஸ் நகர்ந்தது. பின்கதவு வழியாக மடிப்பு, துவைத்த சேலையை இருவர் இழுத்துப் பிடித்த மாதிரி, தோளுயரத்தில் அன்னபாக்கியத்தைத் தொட்டுக்கொண்டு போனது. ரயில்வே கேட்டுப் பக்கம் பஸ் திரும்புவதை அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். விசில் சத்தம் வரவில்லை. ஜவ்வு நீண்டது, அலை அலையாக நிமிர்ந்து நீண்டது, ரத்தக் கோடு சிவப்பாகவே இருந்தது, கேட்டைத் தாண்டி, புளியமர வரிசையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அன்னபாக்கியத்துக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அப்போது தெருப் பக்கத்திலிருந்து, இரண்டு தோலுக்கு நடுவே, நூல்களை விலக்கி விலக்கிக்கொண்டு தெரசு வந்தாள். அம்மா நின்ற இடத்துக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டாள். கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, உப்பின வயிற்றை அம்மாவின் வலது கைக்கு நேராகக் கொண்டுவந்து ஒட்டினாள். ஜவ்வு நகர்ந்துகொண்டிருந்தது, பிள்ளை நகராமல் நின்றது. பஸ் எங்கோ போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் தேய்த்தால் என்ன என்று அன்னபாக்கியத்துக்குத் தோன்றியது, தோன்றும்போதே கை தானாக எழுந்தது. எழுந்த கையை இடது கையால் எட்டிப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"போ கண்ணு" என்றாள். "அக்கா போயிட்டா பாரு. ஓடு."

பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தது, வருமா வருமா என்று ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு கவுனை இறக்கிவிட்டுக்கொண்டு அக்கா போன பக்கமாக ஓடியது.